கவுன்சிலர் தேர்தலில் நிற்கப் போகிறீர்களா? முதலில் ஒரு கணக்கு நோட்டு வாங்குங்கள்

வார்டு தேர்தலில் நிற்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் செய்யும் காரியம் பெரும்பாலும் போட்டோ எடுத்துக்கொள்வதுதான். அப்புறம் போஸ்டருக்கு டிசைன், அப்புறம் ஒரு ஃபேஸ்புக் பக்கம், அப்புறம் நண்பர்கள் இருபது பேரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. அந்தக் குழுவில் எல்லோரும் கட்டைவிரல் காட்டுவார்கள், வேட்பாளருக்கும் ஊரே தன் பின்னால் நிற்பது போல ஒரு நினைப்பு வந்துவிடும். நான் முதன்முதலில் வேலை பார்த்த பிரசாரம் அப்படித்தான் நடந்தது, 63 ஓட்டில் தோற்றோம். மறுவாரம் ஒரு தெருவில் நன்றி சொல்லப் போனபோது ஒரு வீட்டில், "உங்களுக்குத்தான் போடுறதா இருந்தோம், அன்னைக்கு வேலையில மறந்துபோச்சு, நீங்களும் யாரும் வரலையே" என்றார்கள். அடுத்த வீட்டிலும் ஏறக்குறைய அதே பதில். அந்தத் தெருவில் மட்டும் பதினோரு ஓட்டு அப்படிப் போயிருந்தது. ஆறு தெருவில் இப்படி நடந்திருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது முறை வேறொருவருக்கு வேலை பார்த்தபோது போஸ்டர் செலவைப் பாதியாக வெட்டிவிட்டு ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கி, வீடு வீடாகப் போய் யார் நமக்குப் போடுவார் என்று பெயர் பெயராக எழுதினோம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த நோட்டைப் பற்றியதுதான். சட்டமும் தேதிகளும் ஊருக்கு ஊர் மாறும், அவற்றை உங்கள் தேர்தல் அலுவலகம் வெளியிடும் வேட்பாளர் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிற்பதற்கு முன்

ஒரு மாதம் மன்றக் கூட்டங்களுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கப் பெரும்பாலான நகர மன்றங்களில் இடம் உண்டு. போரடிக்கும், அது தெரிந்த விஷயம்தான். ஆனால் உட்காரவே முடியாத அளவுக்குப் போரடிக்கிறது என்றால் இப்போதே விட்டுவிடுவது நல்லது, ஜெயித்தால் அடுத்த சில வருடங்கள் அங்கேதான் உட்கார வேண்டும். கூடவே கடைசி இரண்டு வருட பட்ஜெட்டை எடுத்து, உங்கள் வார்டுக்கு எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், அதில் எது நடந்தது, எது பேப்பரோடு நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். எதிர் வேட்பாளர்கள் யாரும் இதைப் படித்திருக்க மாட்டார்கள் என்று நான் தைரியமாகச் சொல்வேன்.

மன்றத்தின் கையில் எது இருக்கிறது, எது இல்லை என்பது இதில் தெரிந்துவிடும். குப்பை, வடிகால், தெருவிளக்கு, உள்சாலை, பூங்கா, கட்டட அனுமதி போன்றவை பொதுவாக உள்ளாட்சியின் வேலை. காவல்துறையும் பள்ளியும் பல நாடுகளில் வேறு யாருடைய கையிலோ இருக்கும். இல்லாத அதிகாரத்தை வைத்து வாக்குறுதி கொடுத்தால், அது தெரிந்த ஒரே ஒரு ஓய்வுபெற்ற அலுவலர் போதும், தெரு முழுக்க உங்களைக் கேலிப்பொருளாக்கிவிடுவார்.

அடுத்து, ஓட்டு எப்படி எண்ணப்படுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இது கேட்கச் சாதாரணமாக இருக்கும், முழு உத்தியும் இதில்தான் தொங்குகிறது. வார்டுக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்பது ஒரு முறை. முழு நகரமும் ஒரே தொகுதியாக இருந்து எல்லோரும் எல்லோருக்கும் ஓட்டுப் போடுவது இன்னொரு முறை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஹார்வி மில்க் என்பவர் 1973லும் 1975லும் நகர மேற்பார்வையாளர் குழுவுக்கு (அந்த ஊரின் நகர மன்றம் அதுதான்) நின்றபோது முழு நகரமும் ஓட்டுப் போட்டது, இரண்டு முறையும் தோற்றார். 1977 தேர்தலில் வட்டாரம் வட்டாரமாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது, அவர் கேமரா கடை நடத்திய காஸ்ட்ரோ பகுதியை உள்ளடக்கிய வட்டாரத்திலிருந்து ஜெயித்தார். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம், முதலில் போட்டவர் போட்டியிலிருந்து வெளியேறினால் அந்த ஓட்டு அடுத்தவருக்குப் போகும். அங்கே "நான் வேறொருவருக்குத்தான்" என்று சொல்கிறவரிடமும் "சரி, இரண்டாவதாக என்னைப் போடுவீர்களா?" என்று கேட்க இடம் இருக்கிறது. வார்டுக்கு ஒருவர் என்கிற ஊரில் அதே ஆளிடம் பத்து நிமிடம் நிற்பது வீண்.

கணக்கு

ஜெயிக்க எத்தனை ஓட்டு வேண்டும்? இதற்கு ஓர் எண் சொல்ல முடியாத வேட்பாளர் பிரசாரத்தை ஆரம்பிக்கவே கூடாது. உதாரணமாக உங்கள் வார்டில் 10,000 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். போன இரண்டு தேர்தலில் எத்தனை சதவீதம் பதிவானது என்று பாருங்கள், 40 என்றால் விழப்போவது 4,000 ஓட்டு. மூன்று பேர் பலமாக நிற்கிறார்கள், போன தடவை ஜெயித்தவர் 1,650 வாங்கினார் என்றால் உங்கள் இலக்கை 1,900 என்று வையுங்கள். சொன்னவர்கள் எல்லோரும் வரமாட்டார்கள், அதனால் நோட்டில் உங்கள் பக்கம் என்று 2,500 பெயராவது இருக்க வேண்டும். பத்தாயிரம் பேர் என்றதும் வருகிற மலைப்பு 2,500 பெயர் என்றதும் கொஞ்சம் இறங்கிவிடும்.

இப்போது நேரத்தைக் கணக்குப் பண்ணுங்கள். 10,000 வாக்காளர் என்றால் ஏறக்குறைய 4,000 வீடு. ஒரு மணி நேரத்தில் பதினைந்து வீடு ஏறலாம், அதிலும் பலர் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஆக ஒரு சுற்றுக்கே 260, 270 மணி நேரம். வேட்பாளர் ஒருவரே தினமும் மாலை இரண்டரை மணி நேரம் நடந்தால் மூன்றரை மாதம் ஆகும். அவ்வளவு காலம் இல்லையென்றால் ஒன்று ஆள் சேர்க்க வேண்டும், அல்லது வீட்டைக் குறைக்க வேண்டும். குறைப்பது எப்படி என்றால், போன தேர்தல்களில் எந்தப் பூத்தில் அதிகம் பேர் வந்தார்கள் என்று பார்த்து அங்கிருந்து ஆரம்பிப்பதுதான். அமெரிக்காவைப் போலச் சில நாடுகளில், யாருக்குப் போட்டார் என்பது தெரியாது, ஆனால் ஓட்டுப் போட்டாரா இல்லையா என்பது வாக்காளர் ஆவணத்திலேயே இருக்கும். உள்ளாட்சித் தேர்தலுக்கு எப்போதும் வருகிறவர்கள் தனி ரகம், நாட்டுக்கான பெரிய தேர்தலுக்கு மட்டும் வருகிறவர்கள் தனி ரகம். முன்னவர்களின் வீட்டை விட்டுவிட்டுப் பின்னவர்களின் வீட்டு வாசலில் நின்றீர்கள் என்றால், நடந்த கால்வலிதான் மிச்சம்.

வேட்புமனு

இதில் சாமர்த்தியம் காட்ட ஒன்றுமில்லை, கவனம் மட்டும் போதும். முன்மொழிபவர்கள், கையெழுத்துப் போடுகிறவர்கள் அந்த வார்டின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறார்களா, பட்டியலில் உள்ளபடியே பெயர் எழுதியிருக்கிறார்களா என்று நீங்களே ஒவ்வொன்றாகப் பாருங்கள். 25 கையெழுத்துக் கேட்டால் 50 வாங்குங்கள். நகராட்சியோடு ஒப்பந்தத் தொழில், நகராட்சியில் சம்பளம், கட்டாத வரிபாக்கி இவற்றில் ஏதாவது இருந்தால் பல ஊர்களில் மனு தள்ளுபடியாகிவிடும், அதை முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். கடைசி நாள் கடைசி மணி நேரத்தில் போகாதீர்கள். இரண்டு நாள் முன்னால் போனால், ஒரு இடத்தில் தேதி விட்டுப்போயிருந்தாலும் திருத்திக் கொடுக்க நேரம் இருக்கும்.

ஆட்களும் பணமும்

பிரசாரத்துக்கு நான்கு பேர் போதும் என்பது என் கருத்து. தெருவில் நடப்பவர்கள் நாற்பது பேர் இருந்தால் சந்தோஷம், ஆனால் பொறுப்பு எடுத்துக்கொள்கிறவர்கள் நான்கு பேர். ஒருவர் நோட்டைப் பார்த்துக்கொள்பவர். ஒருவர் பணத்தைப் பார்த்துக்கொள்பவர். ஒருவர் ஆட்களைக் கூப்பிட்டு, எந்தத் தெரு, எத்தனை மணி என்று ஒருங்கிணைப்பவர். இன்னொருவர், வேட்பாளரிடம் "நீ பேசியது தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர். இந்த நான்காவது ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். வேட்பாளரே பிரசார மேலாளராகவும் இருக்கக்கூடாது, பிரிண்டருக்கு போன் பண்ணிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பதினைந்து வீட்டைத் தின்கிறது.

வீட்டில் இருப்பவர்களிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். எத்தனை மாதம் மாலையில் வீட்டில் இருக்க மாட்டீர்கள், எவ்வளவு சொந்தப் பணம் போடப் போகிறீர்கள், அதற்கு மேல் போனால் என்ன செய்வது, எல்லாவற்றையும். பாதியில் வீட்டில் சண்டை வந்து துவண்டுபோன ஒரு வேட்பாளரை நான் பார்த்திருக்கிறேன், எதிர்க்கட்சிக்காரரால் முடியாததை அது செய்துவிட்டது.

பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. வந்த ஒவ்வொரு தொகைக்கும் யார் கொடுத்தார், எப்போது, போன ஒவ்வொரு தொகைக்கும் ரசீது. செலவுக்கு உச்சவரம்பு உண்டா, யாரிடம் நன்கொடை வாங்கக்கூடாது என்பதைக் கையேட்டில் பார்த்து, பணப் பொறுப்பாளர் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்ளட்டும். கேட்க வெட்கப்படாதீர்கள். "முடிஞ்சதைக் கொடுங்க" என்றால் ஒன்றும் வராது, இவ்வளவு தொகை தந்தால் இரண்டாயிரம் நோட்டீஸ் அடிக்கலாம் என்று எண் சொல்லிக் கேட்டால் வரும்.

வாசலில்

இனி முக்கியமான விஷயம். 1998ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் இருவரும் நியூ ஹேவன் நகரில் சுமார் 30,000 வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு வீட்டுக்கே ஆள் போனது, சிலருக்குக் கடிதம், சிலருக்கு போன். நேரில் பேசப்பட்டவர்களிடம் ஓட்டுப் போட வருவது சுமார் 9 சதவீதப் புள்ளி, அதாவது நூற்றுக்கு ஒன்பது பேர், கூடியது, கடிதத்தால் சிறிதளவு, கூலிக்கு ஆள் வைத்துப் பேசிய போனால் பலன் தெரியவில்லை. இன்னொரு பக்கம், ஜோஷுவா காலா, டேவிட் புரூக்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 49 களச் சோதனைகளைத் தொகுத்து 2018ல் சொன்னது: பொதுத் தேர்தலில், யாருக்குப் போடுவது என்கிற வாக்காளரின் முடிவைப் பிரசாரம் பேசி மாற்றுவது சராசரியாகக் கிட்டத்தட்ட பூஜ்யம். கட்சிப் பெயர் வழிகாட்டாத போட்டிகளில் கொஞ்சம் நகர்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் வாசலில் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கிவிடும். யாரையும் மாற்றுவதற்காகப் போகாதீர்கள். உங்களுக்குப் போடக்கூடியவர் யார் என்று கண்டுபிடிக்கப் போங்கள், கண்டுபிடித்ததை எழுதி வையுங்கள், தேர்தல் அன்று திரும்பப் போங்கள்.

செய்முறை இதுதான். கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நில்லுங்கள், திறப்பவர் முகத்துக்கு நேரே நிற்பது அவருக்குச் சங்கடம். பெயர் சொல்லுங்கள், எங்கே குடியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், எதற்கு நிற்கிறீர்கள் என்பதை ஒரே மூச்சில் சொல்லுங்கள். இருபது நொடிதான். அதற்குமேல் போனால் அவர் கண் உங்களைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும். உடனே "இந்தத் தெருவுல உங்களுக்கு எது பெரிய தொந்தரவா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். புதிய வேட்பாளர்கள் தவறுவது இங்கேதான், அவர் தெருவிளக்கு என்று ஆரம்பித்தவுடன் இவர் தன் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆரம்பித்துவிடுவார். அவர் சொல்வதை அவர் கண்முன்னே எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் நேராகக் கேளுங்கள்: "எனக்கு ஓட்டுப் போடுவீங்களா?"

இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். பல வருடம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவராக இருந்த டிப் ஓ'நீல், கல்லூரியில் படிக்கும்போதே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகர மன்றத்துக்கு நின்று தோற்றார், அவர் வாழ்க்கையில் தோற்ற ஒரே தேர்தல் அது. அவர் வீட்டுக்கு எதிரே இருந்த ஒரு பெண்மணி, நீ வந்து கேட்காவிட்டாலும் உனக்குத்தான் போடப் போகிறேன் என்று அந்தச் சமயத்தில் சொன்னாராம். எதிர்வீடுதானே, கேட்க வேண்டுமா என்று இவர் இருந்துவிட்டார். தெரிந்தவர்களுக்கும் வந்து கேட்டால்தான் பிடிக்கும் என்பது அந்த அம்மா தந்த பாடம். சொந்தக்காரர்கள், பக்கத்து வீடு, சேர்ந்து படித்தவர்கள் எல்லோரையும் முதல் வாரமே கேட்டு முடித்துவிடுங்கள்.

வாசலை விட்டு நகர்ந்தவுடனே நோட்டில் பெயருக்கு எதிரே ஓர் எண் போடுங்கள். 1 என்றால் நிச்சயம் நமக்கு, 2 சாய்கிறார், 3 தெரியவில்லை, 4 வேறு பக்கம் சாய்கிறார், 5 நிச்சயம் வேறொருவருக்கு. அடுத்த தெருவுக்குப் போய்ப் போடலாம் என்று விட்டால் மறந்துவிடும். இன்னொன்று, எல்லோரும் சிரித்துக்கொண்டு "கண்டிப்பா" என்பார்கள், அதை 1 என்று எழுதாதீர்கள். தாமாகவே உங்கள் பெயரைச் சொன்னவர், நோட்டீஸை வாங்கி இன்னொருவருக்கு வேண்டும் என்று கேட்டவர், போன் நம்பர் கொடுத்தவர், இவர்தான் 1. வெறும் சிரிப்புக்கு 3. முதல் பிரசாரத்தில் நாங்கள் எல்லாச் சிரிப்புக்கும் 1 போட்டுவிட்டுத்தான் ஏமாந்தோம். கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணையில் ஏற்றிக்கொள்வதானால் நல்லது, அதைத் தினமும் இரவில் செய்யுங்கள், ஆனால் மக்களின் விவரம் என்பதால் யாருக்கு அதைத் திறக்க உரிமை என்பதில் கண்டிப்பாக இருங்கள். தனிநபர் தரவுச் சட்டம் உள்ள நாடுகளில் இது வழக்காகக்கூட மாறும்.

வாக்குவாதம் வேண்டாம். ஒருவர் கத்த ஆரம்பித்தால் "சரிங்க, நன்றி" என்று 5 போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள், அந்த ஐந்து நிமிடத்தில் வேறொரு 2 கிடைப்பார். சொன்ன குறையில் உங்களால் முடிந்தது ஏதாவது இருந்தால், ஒரு புகார் பதிவு செய்து எண்ணை வாங்கிக் கொடுப்பது மாதிரி, அதை ஜெயித்த பிறகு என்று தள்ளாமல் அந்த வாரமே செய்து அவருக்குச் சொல்லுங்கள். மூன்று தெருக்களுக்கு இந்தச் செய்தி தானாகப் போய்விடும்.

போஸ்டர், நோட்டீஸ், இணையம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரையில் நட்டுவைக்கும் சிறிய பிரசாரப் பலகைகளை வைத்து அமெரிக்காவில் நான்கு சோதனைகள் செய்து 2016ல் முடிவு வெளியிட்டார்கள், வாக்கு விகிதத்தில் சராசரியாக 1.7 சதவீதப் புள்ளிதான் பலன். நூலிழையில் ஜெயிக்கிற தேர்தலில் அதுவும் பெரிதுதான், ஆனால் அதற்காகப் பாதி பணத்தைக் கொட்டாதீர்கள். நோட்டீஸ் ஒரே தாள், பெரிய எழுத்தில் பெயர், சின்னம் உண்டென்றால் சின்னம், மூன்று விஷயம், போன் நம்பர். நான்காவது விஷயத்தைச் சேர்க்கச் சொல்லி யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் போட வேண்டும் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது, பிழை பார்க்கும்போது அதையும் பாருங்கள். இணையத்தில் ஊர் முழுக்கப் பரவ நினைக்காமல், உங்கள் வார்டு ஆட்கள் ஏற்கெனவே இருக்கிற குழுக்களில் ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். வதந்தி கிளம்பினால் ஒரே ஒரு முறை, சான்றோடு, கோபமில்லாமல் மறுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போங்கள்.

கடைசி நான்கு நாட்கள்

இப்போது புது ஆளைத் தேடுவதை நிறுத்திவிடுங்கள். நோட்டில் 1, 2 போட்ட பெயர்களிடம் மட்டும் திரும்பப் போங்கள். எந்தப் பூத், எத்தனை மணிக்குப் போவீர்கள், யாரோடு போவீர்கள் என்று கேளுங்கள். "காலையில எட்டு மணிக்கு, வேலைக்குப் போற வழியில" என்று தன் வாயாலேயே சொன்னவர் பெரும்பாலும் போய்விடுவார். தபால் ஓட்டோ முன்கூட்டியே போடும் வசதியோ உள்ள ஊரில் இதே வேலையை அந்தத் தேதிக்கு முன்னாலேயே முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பேர் போட்டு முடித்த பிறகு நீங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வாக்குப்பதிவு அன்று வேட்பாளருக்கு அலுவலகத்தில் வேலையே கிடையாது. ஒவ்வொரு பூத்துக்கும் ஏஜென்ட், அவருக்கு மாற்று ஆள், கையில் அனுமதிச் சீட்டு. விதி அனுமதிக்கிற இடங்களில் யார் வந்துவிட்டார்கள் என்று குறித்து, மதியம் ஒரு முறையும் மாலை ஒரு முறையும் நோட்டோடு ஒப்பிட்டு, வராத 1களின் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். அனுமதி இல்லாத ஊரில், எல்லா 1களுக்கும் மதியம் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். முடியாதவர்களை வண்டியில் அழைத்துப்போவது சில நாடுகளில் சரி, சில நாடுகளில் குற்றம், கையேட்டைப் பார்க்காமல் வண்டி ஏற்பாடு செய்யாதீர்கள். 1981ல் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் பெர்னி சாண்டர்ஸ் சுயேச்சையாக மேயர் தேர்தலில் நின்று, பதவியில் இருந்தவரை 10 ஓட்டில் தோற்கடித்தார். அதற்கு முன் மாநில அளவில் நான்கு முறை நின்று தோற்றவர் அவர். பத்து ஓட்டு என்பது சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தெருவுக்கு இன்னொரு தடவை போய்வருவதுதான்.

எண்ணிக்கை, அப்புறம்

எண்ணும் இடத்துக்கு நிதானமான ஆட்களை அனுப்புங்கள், சத்தம் போடுகிறவர்களை வேண்டாம். ஒவ்வொரு பூத் எண்ணையும் தாளில் எழுதிக்கொண்டு கூட்டிப் பார்க்க வேண்டும். மறு எண்ணிக்கை கேட்பதானால் எந்தக் கட்டத்தில், யாரிடம், எழுத்தில் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை முந்தைய நாளே தெரிந்துகொள்ளுங்கள். முடிவை அறிவித்து முடித்த பிறகு அங்கே நின்று கேட்டால் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குத்தான் போகச் சொல்வார்கள்.

ஜெயித்தாலும் தோற்றாலும் அடுத்த வாரத்தில் மூன்று வேலை இருக்கிறது. ஒட்டியதையெல்லாம் கிழித்து எடுப்பது, நடந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போன் பண்ணி நன்றி சொல்வது, செலவுக் கணக்கைத் தேதிக்குள் தாக்கல் செய்வது. கடைசியைத் தோற்றவர்கள் விட்டுவிடுகிறார்கள், பல ஊர்களில் கணக்குக் கொடுக்காதவர் அடுத்த தேர்தலில் நிற்கவே முடியாது. அப்புறம் அந்த நோட்டு. தனிநபர் தரவை இத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்று உங்கள் ஊர்ச் சட்டம் சொன்னால் பெயர்களை அழித்துவிடுங்கள், சொல்லாவிட்டால் பூட்டி வையுங்கள். தெருவாரியாக எழுதிய குறைகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எடுத்து, ஜெயித்திருந்தால் முதல் மன்றக் கூட்டத்துக்கும், தோற்றிருந்தால் ஜெயித்தவரிடமும் கொண்டுபோங்கள்.